ஹெட்மாஸ்டர் இருந்த பொந்து

எங்கள் சிரனாய் ஊருக்கு வருகிறவர்கள் முதலில் பார்ப்பது ஓர் உருளைக்கிழங்கை. இரண்டு ஆள் உயரம், சிமெண்டால் செய்தது. அதற்குக் கண், மூக்கு, வாய் எல்லாம் உண்டு. அது சிரிக்கிறதா, இல்லை வயிற்றுவலியா என்பதுதான் இன்றுவரை யாருக்கும் தெரியவில்லை.

அடுத்தது, கால்களை நனைத்துக்கொள்ளும் வெந்நீர் ஊற்று. வெந்நீர் என்பது பலகையில் மட்டும்தான். அத்துடன் ஊர் முடிந்துவிடும். ஜப்பானின் ஹொக்கைடோ தீவில், வட கோடியில், வருடத்தில் பாதி பனிக்குள் கிடக்கிற ஊர் இது. வருகிறவர்கள் உருளைக்கிழங்கோடு ஒரு போட்டோ எடுத்துக்கொள்வார்கள், கழிப்பறை எங்கே என்று கேட்பார்கள், வேறு ஊருக்குப் போய்விடுவார்கள்.

ஊர் அலுவலகத்தில் சுற்றுலாவைக் கவனிக்கும் குராமொச்சி சாருக்கு இது பெரிய மனக்குறை. ஒரு குளிர்காலக் காலையில் அவர் ஐந்தாம் வகுப்புக்கே வந்துவிட்டார்.

"பிள்ளைங்களா, நாம ஒரு முத்திரை வேட்டை நடத்தப்போறோம்!"

வகுப்பே கைதட்டியது. எங்கள் நாட்டில் ஒரு ரப்பர் முத்திரையையும் மைப்பெட்டியையும் மலை உச்சியில் வைத்தால் போதும். கைக்குழந்தை உட்பட மொத்தக் குடும்பமும் மூச்சிரைக்க ஏறிவந்து, அட்டையில் குத்திக்கொண்டு இறங்கிப் போகும். மலை எப்படி இருந்தது என்று கேட்டால், "எந்த மலை?" என்பார்கள்.

"வெளியூர்க்காரங்களுக்குத் தெரியாத, நமக்கு மட்டும் தெரிஞ்ச இடமா வேணும். யார் சொல்றீங்க?" என்றார் குராமொச்சி சார்.

நிறையக் கைகள் உயர்ந்தன.

"உருளைக்கிழங்கைத் தவிர."

எல்லாக் கைகளும் இறங்கின. விடுதிக்காரர் மகன் ரியூஜியின் கை மட்டும் இறங்கவில்லை.

"சார், எங்க விடுதி மாடியிலேருந்து பார்த்தா உருளைக்கிழங்கோட முதுகு தெரியும். அதை யாருமே பார்த்ததில்ல சார்."

குராமொச்சி சார் அதையும் கொஞ்ச நேரம் யோசித்தார் என்பதை இங்கே சொல்லியாக வேண்டும்.

"தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கு?" என்று கேட்டார் நிஷிகாவா டீச்சர். "சிஹாரு, உன் வீடு அங்கதானே?"

சிஹாரு வாயைத் திறப்பதற்குள் ரியூஜி முந்திக்கொண்டான். "அங்க பனி இருக்கு டீச்சர். காக்கா இருக்கு. இவ இருக்கா. வேற ஒண்ணுமே இல்ல!"

வகுப்பு சிரித்தது. சிஹாருவின் காது இரண்டும் சூடாகிவிட்டன.

"இருக்கு!" என்றாள். "எங்க பக்கத்துல ஆந்தை இருக்கு! மரப்பொந்துல உக்காந்திருக்கும். பகல்லயே பார்க்கலாம். போதுமா?"

சிரிப்பு நின்றுவிட்டது. ரியூஜியின் வாய் திறந்தபடி இருந்தது. குராமொச்சி சாரின் மூக்குக்கண்ணாடியில் ஆவி படிந்துவிட்டது.

"ஆந்தையா!" என்றார், யாரோ உருளைக்கிழங்குக்கு உயிர் கொடுத்துவிட்டதுபோல. "எங்கம்மா? சொல்லு, சொல்லு!"

சிஹாரு சொன்னாள். வலதுபக்கம், இடதுபக்கம் எல்லாவற்றையும் சொன்னாள். கடைசி வார்த்தை வாயைவிட்டுப் போன பிறகுதான் அவளுக்குத் தன் சுண்டுவிரல் ஞாபகம் வந்தது.

ஆந்தை அவளுடையது இல்லை. அவள் தம்பி ஷுன்பெய் கண்டுபிடித்தது. இரண்டாம் வகுப்புப் படிக்கும் அவன், காற்றில் பறந்த தொப்பியைத் துரத்திக்கொண்டு காட்டுக்குள் ஓடினான். தொப்பி ஒரு வயதான மரத்தடியில் போய் விழுந்தது. எடுத்துவிட்டு நிமிர்ந்தால், மேலே பொந்துக்குள் அது உட்கார்ந்திருந்தது. சாம்பல் நிறம், உருண்டை முகம், நிமிர்ந்த நெஞ்சு, பாதி மூடிய கண். தூங்குகிறதா, தீவிரமாக யோசிக்கிறதா என்று சொல்ல முடியாது. பள்ளிக் கூட்டங்களில் மேடையில் உட்கார்ந்திருக்கும் தலைமையாசிரியர் அப்படியேதான் இருப்பார்.

அதனால் ஷுன்பெய் அதற்கு ஹெட்மாஸ்டர் என்று பெயர் வைத்தான். அம்மாவிடம்கூடச் சொல்லாமல் அக்காவை மட்டும் அழைத்துப்போய்க் காட்டினான். "யார்கிட்டயும் சொல்லாதக்கா" என்று சுண்டுவிரலை நீட்டினான். அவளும் சுண்டுவிரலைக் கோத்தாள். கோத்த விரலின் வாக்கை மீறினால் ஊசி விழுங்க வேண்டும் என்பது எங்கள் ஊர்ப் பிள்ளைகளின் சட்டம். இதுவரை யாரும் விழுங்கியதில்லை. ஆனால் சட்டம் சட்டம்தான்.

வரைபடம் அச்சாகி, ரொட்டிக் கடைக் கண்ணாடியில் ஒட்டப்பட்டது. ஷுன்பெய் அதன் முன்னால் வெகுநேரம் நின்றான். வரைபடத்தில் ஆந்தைப் படம் உருளைக்கிழங்கைவிடப் பெரிதாக இருந்தது.

"நான் வேணும்னு சொல்லலடா" என்றாள் சிஹாரு. "அந்த ரியூஜிதான்..."

ஷுன்பெய் திரும்பி நடந்துவிட்டான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சிவப்பு அம்புக் கம்பம் நிற்கும் சாலை வளைவில் கார்கள் வரிசை கட்டின. பனி மூடிய சாலையின் ஓரம் எது என்று வண்டிக்காரர்களுக்குக் காட்டும் கம்பம் அது. அங்கிருந்து காட்டுக்குள் நடந்த கால்களே ஒரு பாதையைப் போட்டுவிட்டன. மரத்தடியில் மூன்று கால் பெட்டி ஒன்று நின்றது. உள்ளே முத்திரை, மை. பெட்டியைச் சுற்றிக் கூட்டம். எங்கள் தலைமையாசிரியரும் வந்திருந்தார். ஆந்தையை அண்ணாந்து பார்த்து, "என்ன ஒரு கம்பீரம்!" என்று நெகிழ்ந்துபோனார். யாரும் அவரிடம் ஆந்தையின் பெயரைச் சொல்லவில்லை.

"கண்ணைத் திறக்க மாட்டேங்குதே" என்றார் கேமராவோடு வந்த ஒருவர். "நான் பார்த்துக்கறேன்" என்றார் இன்னொருவர். கையிலிருந்த பனிச்சறுக்குக் கம்பால் மரத்தைத் தட்டினார்.

டொக். டொக்.

ஹெட்மாஸ்டர் கண்ணைத் திறந்தது. கீழே இருந்த எல்லாரையும் ஒரு சுற்று பார்த்தது. அந்தப் பார்வை தன்மேல் மட்டும் கொஞ்சம் கூடுதலாக நின்றதுபோல் சிஹாருவுக்குத் தோன்றியது. பிறகு அது சிறகை விரித்துச் சத்தமே இல்லாமல் பறந்துபோய்விட்டது.

"அருமையான ஷாட்!" என்று எல்லாரும் கைதட்டினார்கள்.

கூட்டத்துக்குப் பின்னால் ஷுன்பெய் நின்றுகொண்டிருந்தான். அவன் அழவில்லை. அழுதிருந்தால் சமாதானம் சொல்லியிருக்கலாம்.

இரவுச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது சிஹாருவின் சோற்றுக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் அம்மாவின் ஊசி டப்பா இருந்தது.

"டேய், இது எதுக்குடா இங்க?" என்று கேட்டாள் அம்மா.

"அவங்களுக்குத் தெரியும்" என்றான் ஷுன்பெய்.

பனி தள்ளும் வண்டி ஓட்டும் அப்பா, விடியும் முன்பே எழுகிறவர். சாப்பிட உட்கார்ந்தபடியே தூங்கிக்கொண்டிருந்ததால் எதையும் பார்க்கவில்லை.

அன்றிலிருந்து ஷுன்பெய் அவளை அக்கா என்று கூப்பிடுவதை நிறுத்திவிட்டான். எங்கள் ஊர் ஒலிபெருக்கி பேசுவதுபோலப் பேச ஆரம்பித்தான். "மதிப்பிற்குரிய சிஹாரு அவர்களே, தயவுசெய்து சோயா சாஸை இந்தப் பக்கம் நகர்த்தவும். நன்றி. அறிவிப்பு முடிந்தது."

முதல் நாள் அம்மா சிரித்தாள். சிஹாருவும் சிரிக்கப் பார்த்தாள். தொண்டையில் நிஜமாகவே ஊசி இருப்பதுபோல் இருந்தது. ஊசி டப்பா தினமும் வந்தது.

பள்ளி நூலகத்தில் பறவைகளைப் பற்றிய புத்தகத்தைத் தேடி எடுத்தாள். பனி உருகத் தொடங்கும்போது இந்த ஆந்தைகள் பொந்தில் முட்டையிடும் என்று அதில் இருந்தது. அதற்குள் இடம் அமைதியாகிவிட்டால் போன பறவை திரும்பி வரலாம். ஆகாவிட்டால் வராது.

சிஹாரு நேராக ஊர் அலுவலகத்துக்குப் போனாள்.

"சார், மரத்தடியிலேருந்து பெட்டியை எடுத்துடுங்க."

"எப்படிம்மா? வரைபடம் அச்சடிச்சாச்சே."

"ஆந்தைதான் போயிடுச்சே சார்!"

"போயும் வர்றாங்களேம்மா!" என்றார் குராமொச்சி சார். "நேத்து ஒருத்தர் வெறும் பொந்தைப் போட்டோ எடுத்துட்டு, 'மனசுக்கு நிறைவா இருக்கு'ன்னு சொல்லிட்டுப் போறார். நான் என்ன பண்ண?" பிறகு குரலைத் தாழ்த்தினார். "ஆந்தை போனதுல எனக்கும் வருத்தம்தாம்மா. ஆனா நம்ம ஊருக்கு வர்ற பஸ்ஸை நிறுத்தப்போறதா இருந்தாங்க. இப்போ கூட்டம் வருதுன்னு விட்டு வெச்சிருக்காங்க. பெட்டியை எடுத்தா பஸ்ஸும் போயிடும்."

ரியூஜியின் பாட்டி மருத்துவமனைக்குப் போவது அந்தப் பஸ்ஸில்தான். சிஹாரு மேஜைமேல் அடுக்கியிருந்த வரைபடங்களைப் பார்த்தாள். அதில் ஒன்றை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தாள்.

அடுத்த நாள் காலை நல்ல பனி. பள்ளிக்குப் போகும் பாதை காணாமல் போயிருந்தது. அந்த மாதிரி நாளில் எங்கள் ஊர்ப் பிள்ளைகள் ஒற்றை வரிசையில் போவார்கள். முதலில் போகிறவன் பனியை மிதித்துத் தடம் போட வேண்டும். மற்றவர்கள் தலையைக் குனிந்துகொண்டு அந்தத் தடத்திலேயே கால் வைப்பார்கள். அன்று முதல் ஆள் ரியூஜி.

வரிசை போனது. போய்க்கொண்டே இருந்தது. திடீரென்று நின்றது. எல்லாரும் நிமிர்ந்து பார்த்தார்கள். எதிரே ஒரு மாடு நின்றுகொண்டிருந்தது. அதுவும் இவர்களைப் பார்த்தது.

"டேய் ரியூஜி! எதுக்குடா மாட்டுக்கொட்டாய்க்கு வந்த?"

"நான் ஒண்ணுக்குப் போக வந்தேன்டா! உங்களை யார் வரச் சொன்னது?"

எல்லாரும் சிரித்தார்கள். சிஹாரு மட்டும் சிரிக்கவில்லை. திரும்பிப் பார்த்தாள். சாலையிலிருந்து மாட்டுக்கொட்டகை வரை அருமையான பாதை ஒன்று தயாராக இருந்தது. அதில் நடந்து வந்தவர்களில் ஒருவர்கூட எங்கே போகிறோம் என்று பார்க்கவில்லை.

வரைபடத்தைப் பிரித்தாள். சாலை இருந்தது, வளைவு இருந்தது, சிவப்பு அம்புக் கம்பம் இருந்தது. அதற்குமேல் மாட்டைப்போல் பெரிய ஆந்தைப் படம். மரம் இல்லை. பாதையும் இல்லை.

மாலையில் மறுபடி ஊர் அலுவலகம்.

"சார், பெட்டி நின்ன இடத்தைவிட்டுக் கொஞ்சம் தள்ளிப் போயிருந்தா வரைபடம் தப்பாயிடுமா?"

குராமொச்சி சார் வரைபடத்தைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். ஜன்னல் வழியே பனியைப் பார்த்தார்.

"தப்பாகாது. நம்ம ஊர்க் காத்து பலமான காத்து" என்றார் மெதுவாக. "பெட்டி நகர்ந்திருந்தா நான் போய்ச் சரிபார்க்கணும். ஆனா எனக்கு முட்டி வலி. பனி உருகினப்புறம்தான் போக முடியும்."

சனிக்கிழமை ஒலிபெருக்கி கடும் பனி பெய்யும் என்று அறிவித்தது. ஞாயிறு விடிந்தபோது, அப்பாவின் வண்டி சாலையைத் துடைத்துவிட்டுப் போயிருந்தது. காட்டுக்குள் போன பழைய பாதை புதுப் பனிக்கடியில் மறைந்துவிட்டது. சிஹாரு பனியில் கால் புதையாத வளையச் செருப்பைக் கட்டிக்கொண்டு, சறுக்குவண்டியை இழுத்துக்கொண்டு கிளம்பினாள்.

காட்டின் பின்பக்கமாகச் சுற்றிக்கொண்டு மரத்தடிக்குப் போனாள். நிமிர்ந்து பார்த்தாள். பொந்துக்குள் பனி விழுந்து சிறு மேடாகிக் கிடந்தது. ஹெட்மாஸ்டர் இருந்திருந்தால் அது விழுந்திருக்காது.

"மன்னிச்சிடுங்க" என்றாள் பொந்தைப் பார்த்து. அவளுக்கே கொஞ்சம் வெட்கமாக இருந்தது. ஆனாலும் இன்னொரு முறை சொன்னாள்.

பெட்டியைச் சறுக்குவண்டியில் ஏற்றினாள். அம்புக் கம்பத்திலிருந்து காட்டுக்கு எதிர்த்திசையில், வெட்டவெளியில் நடக்க ஆரம்பித்தாள். ஒருமுறை நடந்தால் தடம். பலமுறை நடந்தால்தான் பாதை. போனாள், வந்தாள், போனாள். மூச்சு வாங்கியது.

திரும்பும்போது பார்த்தால், அவளுடைய பெரிய தடத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்னத் தடமும் இருந்தது. ஷுன்பெய் தன் குட்டி வளையச் செருப்போடு நின்றுகொண்டிருந்தான்.

"ஒரே அளவு காலா இருந்தா சந்தேகம் வரும்" என்றான் எங்கேயோ பார்த்துக்கொண்டு. "குடும்பமா போன மாதிரி இருக்கணும். அறிவிப்பு முடிந்தது."

இருவரும் சேர்ந்து மிதித்தார்கள். வெட்டவெளியின் நடுவில் பாதை முடிந்த இடத்தில் பெட்டியை நிறுத்தினார்கள். சுற்றிலும் ஒரே வெள்ளை. மரமில்லை, வேலியில்லை, காக்கைகூட இல்லை. பொய் சொல்ல சிஹாருவுக்கு மனம் வரவில்லை. கொண்டுவந்திருந்த பலகையில் இருப்பதை இருக்கிறபடியே எழுதி நட்டாள்:

"இங்கே ஒன்றும் இல்லை. வந்ததற்கு நன்றி."

பத்து மணிக்கு முதல் கார் வந்தது. அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள். தலையைக் குனிந்துகொண்டு தடத்திலேயே நடந்தார்கள். பலகையைப் படித்தார்கள். சுற்றிலும் பார்த்தார்கள்.

கொஞ்சம் தள்ளி நின்ற சிஹாரு தொப்பியைக் கண்வரை இழுத்துவிட்டுக்கொண்டாள். இப்போது திட்டப்போகிறார்கள்.

"ஏங்க..." என்றாள் அந்த அம்மா. "நிஜமாவே ஒண்ணும் இல்லீங்க!"

"ஆமா!" என்றார் அந்த அப்பா பிரமிப்போடு. "எவ்ளோ பெரிசா ஒண்ணும் இல்ல பாரு!"

முத்திரை குத்தினார்கள். ஒன்றுமில்லாததற்கு முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள். நகரத்திலிருந்து வந்த ஒருவர் கண்ணை மூடிக்கொண்டு அரைமணி நேரம் நின்றார். போகும்போது பலகைக்குத் தலைகுனிந்து வணக்கம் வேறு சொல்லிவிட்டுப் போனார்.

நீளமான கேமராவோடு வந்த ஒரு பெண் மட்டும் சிஹாருவிடம் வந்தார். "பாப்பா, இங்க ஆந்தை இருக்கும்னு போட்டிருந்ததே?"

"இருந்துச்சு. போயிடுச்சு" என்றாள் சிஹாரு. "எங்க இருக்குன்னு நான் எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன். அதான்."

 அந்தப் பெண் கேமராவின் மூடியை மெதுவாகப் போட்டார். 

குளிர்காலம் முடிவதற்குள் 'ஒன்றும் இல்லாத இடம்' உருளைக்கிழங்கைத் தோற்கடித்துவிட்டது. பஸ்ஸும் தொடர்ந்து வந்தது. ரியூஜி மார்பைத் தட்டிக்கொண்டு திரிந்தான். "உங்க பக்கத்துல ஒண்ணுமே இல்லன்னு முதல்ல கண்டுபிடிச்சதே நான்தான். நியாயமா பார்த்தா என் பேரைத்தான் வெக்கணும்!"

ஆனால் பொந்து காலியாகவே இருந்தது.

சிஹாரு அதன் பக்கத்தில் போவதில்லை. தண்டவாள மேட்டில் நின்றால் தூரத்தில் மரம் தெரியும். தினமும் பள்ளி விட்டதும் அங்கே நின்று பார்ப்பாள். பனி உருகத் தொடங்கியது. ஓடைகளில் சத்தம் கேட்டது. உருளைக்கிழங்கின் தலையிலிருந்த பனித் தொப்பி நழுவி விழுந்தது. பொந்து மட்டும் ஒரு கறுப்புப் புள்ளியாக அப்படியே இருந்தது. பெட்டியை இன்னும் கொஞ்சம் முன்னாலேயே நகர்த்தியிருக்கலாம். இல்லை, வகுப்பில் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். காது சூடானால் ஆறிவிடும். இது ஆறுகிற மாதிரி தெரியவில்லை.

ஒரு மாலை ஷுன்பெய் வெகுநேரம் கழித்து வீட்டுக்கு வந்தான். முழங்கால் இரண்டும் ஈரம். மூக்கு சிவந்திருந்தது. உதட்டைக் கடித்துக்கொண்டு ஒரு பெரிய சிரிப்பை உள்ளே பிடித்துவைத்திருந்தான். அது காது வழியாக வெளியே வந்துவிடும்போல இருந்தது.

"எங்கடா போயிருந்த இவ்ளோ நேரம்?" என்று சமையலறையிலிருந்து அம்மாவின் குரல் வந்தது.

ஷுன்பெய் திருதிருவென்று விழித்தான்.

சிஹாரு அவனைப் பார்த்தாள். அவனுடைய கம்பளித் தொப்பியில், பின்பக்கமாக, சாம்பல் நிறத்தில் ஒரு சின்ன இறகு ஒட்டிக்கொண்டிருந்தது.

எங்கே என்ற கேள்வி அவள் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. வேறு காட்டிலா? ஓடைக்கு அந்தப் பக்கமா? ஒன்றா, இரண்டா? குஞ்சு இருக்கிறதா?

அவள் அதை விழுங்கிவிட்டாள். ஊசியைவிடக் கொஞ்சம் கஷ்டமாகத்தான் இருந்தது. கையை நீட்டித் தொப்பியிலிருந்து இறகை எடுத்துத் தன் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

"ஒண்ணும் இல்லாத இடத்துக்குத்தாம்மா போயிருந்தான்!" என்று சமையலறைப் பக்கம் குரல் கொடுத்தாள். "அங்கதான் இப்போ ஊரே போகுதே!"

ஷுன்பெய் தன் தொப்பியைத் தடவிப் பார்த்தான். அக்காவின் சட்டைப் பையைப் பார்த்தான். அக்காவைப் பார்த்தான். அவள் கிண்ணங்களைத் துடைத்துக்கொண்டிருந்தாள். எதுவும் கேட்கவில்லை.

அவனும் எதுவும் சொல்லவில்லை.

சாப்பாட்டுக்கு எல்லாரும் உட்கார்ந்தார்கள். சிஹாருவின் கிண்ணத்துக்குப் பக்கத்தில் வழக்கமாக இருக்கும் இடத்தில் எதுவும் இல்லை. ஊசி டப்பா அலமாரியில், அதனுடைய சொந்த இடத்தில் இருந்தது.

"அக்கா" என்றான் ஷுன்பெய், வாய் நிறையச் சோற்றோடு. "அந்த சோயா சாஸைக் கொஞ்சம் குடு."